பத்தாவது வெட்டு

இரண்டாவது அடியில் சீனித்தம்பியின் மணிக்கட்டு முறிந்தது. ஈரக் கொப்பு முறிகிற சத்தம். ஜூலியன் அதைக் காதால் கேட்பதற்கு முன்பே கையால் உணர்ந்தான். கிழவரின் தோள்களைப் பின்னாலிருந்து அமுக்கிப் பிடித்திருந்தவன் அவன்தான். பிடி மச்சான் என்று அம்ஜத் சொன்னான். பிடித்தான்.

வருடத்தின் கடைசி நாள். மூன்று நாள் அடை மழை அன்று காலைதான் விட்டிருந்தது. சீனித்தம்பியின் குடிசை வட்டையின் விளிம்பில், நெல்வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் தனியாக நின்றது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு இல்லை. இருந்திருந்தால் ஊர் கூடியிருக்கும். ஏறாவூர் முஸ்லிம் ஒருவன் தமிழ்க் கிழவனை அடிக்கிறான் என்று கூடுகிற கூட்டம் எதில் போய் முடியும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ கிழவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டார்.

"சொல்லு. அந்தத் துவக்குக் கட்டினது நீதானே?"

"பொலிஸ் புடிச்சி மறியலுக்குப் போய் வந்து ஏழு வருசம். அதுக்குப் பிறகு நான் அந்த வேலயத் தொடல்ல." சீனித்தம்பி கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தார். "இவனுக்குத் தெரியும். இவனக் கேளுங்க."

அம்ஜத் ஜூலியனைப் பார்த்தான். "உனக்கு என்ன மச்சான் தெரியும்?"

"எனக்கு ஒண்டும் தெரியா."

மூன்றாவது அடி முழங்கையில் விழுந்தது.  சீனித்தம்பி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். தொங்கிய கையை மற்றக் கையால் ஏந்தி மடியில் வைத்துக்கொண்டு, ஜூலியனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அம்ஜத் தடியைப் புல்லில் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"இவன் இல்ல போல மச்சான்," என்றான். "பொய் சொல்றவன்ட கண் ஒரு இடத்துல நிக்காது. கிழவன்ட கண் உன்னிலயே நிண்டிச்சி."

ஜூலியன் செருப்பிலிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்தான்.

"வா, மலை ஏறுவம். வருசக் கடைசி. தம்பி ஃபோனப் பாத்துக்கிட்டு இரிக்கான்."

துவக்கைக் கட்டியவன் ஜூலியன்.

கட்டுத்துவக்கு செய்வது பெரிய வேலை இல்லை. ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாய், வெடிமருந்து, உள்ளே இடித்து இறுக்க இரும்புக் குண்டுகள். பன்றித் தடத்தின் ஓரத்தில் இரண்டு முளை அடித்து அதில் குழாயை முழங்கால் உயரத்துக்குக் கட்ட வேண்டும். தடத்துக்குக் குறுக்கே நூல். நூலில் பன்றி முட்டினால் வெடிக்கும். பொழுது சாயக் கட்டி, விடிவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும். விடிந்தால் விறகுக்கும் தேனுக்கும் மனிதர் வருவார்கள். பதினொரு வருடத்தில் ஜூலியன் ஒருநாளும் பிந்தியதில்லை. முழுநிலாப் போயா விடுமுறையில் கடைகளில் இறைச்சி விற்கக் கூடாது. அதனால் போயாவுக்கு முதல்நாள் இரவு கட்டுகிற துவக்குக்குத்தான் பலன் அதிகம்.

அம்ஜத்தும் அவன் தம்பி றம்ஸீனும் மலை ஏற வந்ததும் போயா நாட்களில்தான். அன்றைக்குத்தான் அம்ஜத்தின் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்குப் பூட்டு. தை மாதம் தாந்தாமலையில் அவர்கள் வழி கேட்டபோது பழக்கம். அதன்பிறகு ஒவ்வொரு போயாவுக்கும் ஒரு மலை, ஜூலியன் முன்னே, அவர்கள் பின்னே. அந்த முதல் நாளே அம்ஜத்தின் கைக்கு ஒரு கருங்காலித் தடி வெட்டிச் சீவிக் கொடுத்தவன் ஜூலியன். உச்சிக்குப் போனதும் றம்ஸீன் ஜூலியனின் கத்தியை வாங்கித் தடியில் ஒரு வெட்டுப் போடுவான். மலைக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளியும் சொல்வான். ஒன்பது மலை ஏறியும் பத்துப் புள்ளி ஒன்றுக்கும் கொடுக்கவில்லை.

இப்போது அம்ஜத் ஏறிக்கொண்டே பெருவிரலால் அந்த வெட்டுகளைத் தடவினான். கிழவரின் கையை முறித்த தடி.

"தாந்தாமலைக்கு என்ன போட்டவன்?"

"நாலு."

"படி கட்டின மலைக்கு நாலே கூட எண்டான்." அம்ஜத் சிரித்தான். இரண்டு மாதத்தில் ஜூலியன் கேட்ட முதல் சிரிப்பு. "குடும்பிமலைக்கு எட்டு. செருப்பு அறுந்து, நீ உன்ட நைலோன் நூலால கட்டிக் குடுத்த. அதோட உச்சிக்குப் போய்ட்டு வந்தான். மகாஓயாவுக்கு அங்கால ஆன தொரத்தினதுக்கு ஒம்பது."

"மலைக்கு ஆறு, ஆனைக்கு மூண்டு எண்டான்."

"ஓம். பைக்கு சப்பளிஞ்சி கிடக்கு. நான் தலையில கை வெச்சுக்கிட்டு நிக்கன். இவன் புள்ளி போடுறான்."

மழைத் தண்ணீர் பாறைகளின் இடுக்கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைகள் கணுக்காலில் ஏறின. அம்ஜத் ஒன்றைப் பிடுங்கி விரலால் நசித்தான். அவனது சட்டைப்பையில் ஏதோ கிலுங்கியது. என்னவென்று ஜூலியன் கேட்கவில்லை. றம்ஸீனின் தொடையிலிருந்து டொக்டர் எடுத்த மூன்று இரும்புக் குண்டுகள். மோட்டார் சைக்கிள் சில்லுக்குள் போடுகிற குண்டுகள். அம்ஜத் அவற்றைக் கழுவிக் கடுதாசியில் சுற்றி வைத்திருந்தான். "என்ட கடையிலயும் கிடக்கி, எல்லாக் கடையிலயும் கிடக்கி. இத வெச்சி எவன எண்டு தேடுற?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருநாள் கேட்டான். வைகாசியில் கோழிக்கூட்டுக் கதவுக்கு என்று ஜூலியன் அவன் கடையில் கைநிறையப் பழைய குண்டுகள் வாங்கிப் போனது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அல்லது வந்து, தள்ளிவிட்டான்.

இப்போது ஏறுகிற இந்தக் கூகைமலை ஜூலியனின் ஊர் மலை. ஒன்பது மாதம் அவன் அவர்களை அதற்குக் கூட்டிவரவில்லை. பத்தைக்காடு, உச்சியில் ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தட்டிக்கொண்டே வந்தான். ஐப்பசிப் போயாவுக்கு றம்ஸீன் விடவில்லை. "உங்கட ஊட்டுக்குப் பின்னால ஒரு மலைய வெச்சிக்கிட்டு எங்கள ஊர் சுத்த உடுறீங்களே அண்ணன்" என்றான். காலை ஆறரைக்கு வாருங்கள் என்றான் ஜூலியன். ஐந்தரைக்கு அவிழ்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

அவர்கள் ஐந்து மணிக்கே வந்தார்கள். ஒன்பது மலையிலும் வெயில் ஏறிய பிறகுதான் உச்சிக்குப் போயிருந்தார்கள், இதிலாவது சூரியன் வருவதைப் பார்க்க வேண்டும் என்று றம்ஸீனுக்கு ஆசை. அடிவாரத்தில் விடியற்காலைச் சுபஹுத் தொழுதார்கள். அம்ஜத் இன்னும் கையேந்தித் துஆவில் இருந்தான். றம்ஸீன் பொறுக்காமல் எழுந்து நடந்தான். முழுநிலா. டோர்ச் தேவைப்படவில்லை. அவிழ்க்க வந்த ஜூலியன் அறுபது அடி தள்ளிப் பாறை மறைவிலிருந்து வெளியே வந்தபோது, பன்றித் தடத்தில் ஒரு வெள்ளைச் சட்டை வருவதைக் கண்டான்.

அதன்பிறகு நடந்ததை ஊர் வேறு மாதிரிச் சொன்னது. வெடிச் சத்தம் கேட்டு ஜூலியன் ஓடிவந்தானாம். சாரத்தைக் கிழித்துத் தொடையைக் கட்டி, பையனை முதுகில் போட்டுக்கொண்டு இரண்டு மைல் கட்டை தூரம் ஓடினானாம். ஓடியது உண்மை. றம்ஸீனின் இரத்தம் அவன் முதுகால் வழிந்து செருப்புக்குள் நிறைந்தது. கால் வழுக்கி இரண்டு தரம் விழுந்தான். அன்று பின்னேரமே திரும்பிப் போய்க் குழாயைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தான். பொலிஸ் வந்தபோது முளை அடித்த இரண்டு துளைகள்தான் இருந்தன. றம்ஸீனின் ஒரு காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். இருபத்திரண்டு வயது.

அம்ஜத்தின் உம்மா வட்டிலப்பம் செய்து அனுப்பினா. புதுச் சாரம் அனுப்பினா. என்ட புள்ளட உசிரக் காப்பாத்தின மகன் என்று தொலைபேசியில் அழுதா. ஜூலியனின் மனைவி டினுஷா அந்த வட்டிலப்பத்தை அப்படியே கோழிகளுக்குக் கொட்டினாள். அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் துவக்கு இருந்ததில்லை.

"போய்ச் சொல்லுங்க," என்றாள். "இல்லாட்டி அவங்கட சாப்பாட்ட இந்த வளவுக்குள்ள கொண்டு வராதிங்க."

"சொன்னா அவன் என்னக் கொல்லுவான்."

"கொல்லட்டும்," என்றாள். பிறகு கோழி தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதாள்.

ஏறுகிற வழியில் அந்த இடம் வந்தது. இரண்டு துளைகளிலும் மழைத் தண்ணீர் நின்றது. அம்ஜத் குந்தியிருந்து ஒன்றுக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தான். பிறகு தடியை நட்டு, தன் முழங்காலை அதற்குப் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தான்.

"பண்டிக்குக் கட்டினது," என்றான். "திங்கக் கூடாத ஹறாமுக்குக் கட்டினது என்ட தம்பிட காலக் கொண்டு போச்சி. கட்டினவன் என்ட கையில கிடைச்சா மணிக்கட்டோட உட மாட்டன் மச்சான். தம்பிக்கு எங்க வெட்டினாங்களோ, அங்க இரிந்து தொடங்குவன்." அவன் குரல் உயரவில்லை. கடையில் சாமான் விலை சொல்கிற குரல்.

அங்கிருந்து காட்டுக்குள் இறங்க மூன்று தடங்கள் இருந்தன. மூன்றும் ஜூலியனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓடத் தெரிந்தவை. அம்ஜத்துக்கு ஒன்றும் தெரியாது. ஜூலியன் முன்னே நடந்தான், எப்போதும்போல. உள்ளங்கைகளில் சீனித்தம்பியின் தோள் எலும்பு இன்னும் இருந்தது. இரண்டாவது அடிக்குக் கிழவரின் உடம்பு ஒரு துள்ளுத் துள்ளி அவன் பிடிக்குள்ளேயே அடங்கியது. சுருக்கில் விழுந்தவை அடங்குவதும் அப்படித்தான்.

உச்சியில் மொட்டைப் பாறை. ஒன்றும் தெரியாது என்று அவன் சொன்னது பொய். கிழக்கே வயல்கள் எல்லாம் வெள்ளத்தில் மினுங்கின. அதற்கப்பால் வாவி நீளமாகக் கிடந்தது. அதற்கும் அப்பால் கடல் ஒரு கோடு.

அம்ஜத் தடியை ஊன்றி நின்று பார்த்தான். "பாவி," என்றான். "இத வெச்சிக்கிட்டா பத்தைக்காடு எண்ட நீ?"

பாறையில் உட்கார்ந்து கையை நீட்டினான். "கத்தியத் தா. பத்தாவது வெட்ட நான் போடுறன்."

ஜூலியன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துப் பிடிப் பக்கமாகக் கொடுத்தான்.

உச்சியில் சிக்னல் இருந்தது. அம்ஜத் தம்பிக்கு வீடியோ கோல் எடுத்து, ஃபோனை ஒருமுறை சுற்றிக் காட்டினான். திரையில் றம்ஸீன் தலையணையில் சாய்ந்திருந்தான். தாடி விட்டிருந்தான். முகத்தில் எலும்பு தெரிந்தது. அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, வலப்பக்கம் காட்டுங்க. அது வாவியா?"

"ஓம். புள்ளியச் சொல்லு."

"ஏறாத மலைக்கு எப்பிடிப் புள்ளி போடுற?" றம்ஸீன் சிரித்துவிட்டு நிறுத்தினான். "ஜூலியன் அண்ணன் நிக்காரா? குடுங்க அவருக்கிட்ட."

அம்ஜத் ஃபோனைக் கொடுத்துவிட்டுத் தடியை மடியில் குறுக்கே போட்டான். ஒன்பதாவது வெட்டுக்குக் கீழே கத்தியை வைத்தான். கருங்காலி லேசில் வெட்டுப்படாது. கத்தி மரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது.

"சொல்லு தம்பி."

"அண்ணன், ஒண்டு கேக்கட்டா? ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்து இதத்தான் யோசிச்சன். எல்லாரும் நீங்க வெடி கேட்டு ஓடி வந்த எண்டுதான் சொல்றாங்க. ஆனா எனக்கு முதல்ல உங்கட சத்தம் கேட்டிச்சி. நில்லுடா எண்டு கத்தினீங்க. யாரு எண்டு பாக்க உங்கட பக்கம் திரும்பிக் கிறுகினன். கிறுகின காலிலதான் நூல் பட்டது. அதுக்கு மறுகாதான் வெடி." அவன் மூச்சு ஒலிபெருக்கியில் இரைந்தது. "எனக்கு மாறிப் போச்சா அண்ணன்? மருந்து மயக்கத்துல மாறும் எண்டு நேர்ஸ் சொன்னா."

கத்தியின் சத்தம் நின்றிருந்தது.

வெடிக்கு முன்பு நில் என்று கத்தக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். ஜூலியன் அம்ஜத்தைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தான். மாறிப் போச்சு தம்பி என்று சொன்னால் போதும். பையன் நம்புவான், நம்பத்தான் கேட்கிறான். அம்ஜத்தும் வெட்டை முடித்துவிட்டு எழுந்து, நாளைக்கு இன்னொரு குடிசைக்குப் போவான். அங்கே இன்னொருவனின் தோளை ஜூலியன் பிடிக்க வேண்டும்.

"மாறல்ல தம்பி," என்றான்.

திரையில் றம்ஸீனின் வாய் திறந்து, திறந்தபடி நின்றது.

ஜூலியன் ஃபோனைப் பாறையில், திரை மேலே பார்க்க, மெதுவாக வைத்தான். எழும்பவில்லை. கைகள் இரண்டையும் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அம்ஜத்துக்கும் நடுவில் தடி விழுந்து கிடந்தது. அதில் பத்தாவது வெட்டு பாதியில் நின்றது, புது வெட்டில் மரம் இன்னும் கறுப்பாக மினுங்கியது. கத்தி அதில் இல்லை. ஈரப் பாறையில் ஒரு செருப்பு அரைபடும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று.

"காக்கா," என்றது ஃபோன். "காக்கா, ஃபோனத் தூக்குங்க. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. வானம் மட்டும்தான் தெரியிது."