சோபாமேல் இரண்டு சம்பந்திகள்

விலங்கியல் பேராசிரியருக்குக் கல்லூரியில் 'கரப்பான் சார்' என்று பெயர். மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திக் கிடக்கும் செத்த கரப்பானை அறுத்து, நரம்பு அறுந்துவிடாமல் எடுத்துக் காட்டுவதில் கெட்டிக்காரர். உயிருள்ள கரப்பானைக் கண்டால் மட்டும் படித்ததெல்லாம் கால்வழியே இறங்கி ஓடிவிடும். இது அவருக்கும் தெரியும். அவர் மனைவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அன்று மகளின் மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். மாமனார் லாரி டிரைவர், ஆறடி ஆள். கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் சம்பந்திகளுக்குள் "சாப்பிட்டீங்களா", "மழை வரும்போல" என்பதற்குமேல் பேச்சு வளரவில்லை.

பேராசிரியர் முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது, குளியலறைத் தாழ்ப்பாள்மேல் ஒன்று வந்து உட்கார்ந்து மீசையை ஆட்டியது.

"ஏம்மா, கொஞ்சம் வாயேன்..." கதவிடுக்கில் கிசுகிசுத்தார்.

"என்ன, துண்டா?" மனைவியின் குரல் கூடம்வரை கேட்டது.

"தாழ்ப்பாள்மேல கரப்பான்."

"அதைத்தானே காலமெல்லாம் பாடம் நடத்துறீங்க! தட்டிவிட்டுட்டு வாங்க."

அவள் கதவை ஓங்கித் தட்டினாள். அது பறந்தது. கரப்பானின் சிறகைப் பற்றி வருஷாவருஷம் தேர்வில் கேள்வி கேட்பவர், அலறியடித்துக்கொண்டு கதவைத் திறந்து, நுரையும் இடுப்புத் துண்டுமாகக் கூடத்துக்கு ஓடி சோபாமேல் ஏறினார். அதுவும் பின்னாலேயே வந்தது.

"இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சம்பந்தி எழுந்தார். அது அவர் சட்டையில் இறங்கியது. அடுத்த நொடி அதைத் தரையில் உதறிவிட்டு அவரும் சோபாமேல், பேராசிரியரின் ஈரத்தோளைப் பிடித்தபடி.

"கடிக்குமா சம்பந்தி?"

"சேச்சே. ஒண்ணுமே செய்யாது."

"அப்ப இறங்குங்க."

"நீங்க முதல்ல. விருந்தாளி நீங்கதானே."

சம்பந்தியம்மா வாசலிலிருந்து செருப்பை எடுத்து வந்து அதை ஒரே போடு போட்டாள். "லாரிக்குள்ள ஒண்ணு வந்துச்சுன்னு நடுரோட்டுல வண்டிய விட்டுட்டு ஓடினவர் இவர்" என்றாள்.

"அப்படியா? சொல்லவே இல்லையே!"

"இதையெல்லாம் படிச்சவங்ககிட்ட சொல்ல முடியுமா?" என்றார் சம்பந்தி, தலையைக் குனிந்து.

"அட, நான் லேப்ல பெஞ்சுமேலயே ஏறியிருக்கேன். பசங்க பாத்துட்டாங்க. 'மேலேருந்து பாத்தாதான் கரப்பானோட நடை நல்லா தெரியும், எல்லாரும் ஏறுங்க'ன்னுட்டேன்."

சம்பந்தி சிரித்த சிரிப்பில் சோபா குலுங்கியது. பேராசிரியருக்குச் சோப்பு கண்ணை எரித்தது. முகம் கழுவப் போகத்தான் மனசு வரவில்லை.