பின்னால் வருகிறவள்

மறுபடியும் அந்த விரல். ஏரியின் நடுவே, மஞ்சள் மிதவையைச் சுற்றித் திரும்புகிற இடத்தில், டாக்டரம்மாவின் உள்ளங்காலை யாரோ தொட்டார்கள். யாரோ என்ன யாரோ, அவளுக்குத் தெரியாதா? இத்தனை பேர் அடித்துப் பிடித்து நீந்துகிற தண்ணீரில் மற்றவர்கள் இடிப்பார்கள், காலைப் பிடித்து இழுப்பார்கள், முதுகில் ஏறிக்கூடப் போவார்கள். இது அப்படியில்லை. கதவை லேசாகத் தட்டிவிட்டு உள்ளே வரலாமா என்று நிற்கிற மாதிரியான தொடல். இவ்வளவு மரியாதையாக ஒரு ஆளை எரிச்சல்படுத்த இந்த உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். அது அவளுடைய நாத்தனார்.

டாக்டரம்மா பல் டாக்டர். காலை முதல் மாலை வரை பிறத்தியார் வாய்க்குள் குனிந்து பார்க்கிறவளுக்கு மனிதர்கள் மேல் எவ்வளவு மரியாதை மிஞ்சும்? 'ரெண்டு வேளையும் தேய்க்கிறேன் டாக்டர்' என்று வாய் சொல்லும். இல்லவே இல்லை என்று அந்த வாயே காட்டிக் கொடுக்கும். அவள் வாதாடுவதில்லை. முகமூடிக்குள்ளிருந்து 'ஹ்ம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த 'ஹ்ம்'மைக் கேட்டுக் கேட்டே அவள் வீட்டுக்காரர் பாதியாக இளைத்துவிட்டார் என்று சொல்லலாம் என்றால், அதுவும் முடியாது. மனிதர் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு மடங்காகித்தான் இருந்தார். பந்தயத்துக்குப் பந்தயம் காரை ஓட்டிக்கொண்டு வந்து, சைக்கிள் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்து எதையாவது மென்றுகொண்டிருப்பார்.

டிரையத்லான் என்கிற இந்தக் கூத்து என்னவென்றால், முதலில் நீச்சல், கரையேறியதும் ஈரத்தோடு சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம். புத்தியுள்ளவர்கள் ஏதாவது ஒன்றில் நாக்குத் தள்ளினால் போதும் என்று நினைப்பார்கள். இவர்களுக்கு மூன்றிலும் தள்ள வேண்டும். வாராவாரம் உடன் பயிற்சி செய்கிற கும்பலை டாக்டரம்மா ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. தொந்தி குறையாமல் சைக்கிளை மட்டும் மெலிதாக வாங்குகிற கட்டடக் காண்ட்ராக்டர். கால் மயிரை மழித்தால் காற்று வழிவிடும் என்று நம்புகிற வங்கி மேனேஜர். காலையில் எழுந்ததும், நேற்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேனா என்று கைக்கடிகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஜென்மங்கள். தூங்கினவனுக்குத் தெரியாதாம், கடிகாரத்துக்குத் தெரியுமாம்!

ஆனால் அவள் அடியோடு வெறுத்தது ஓசிச் சவாரிக்காரர்களை. தண்ணீரில் இன்னொருவர் காலை ஒட்டிக்கொண்டு நீந்தலாம், விதி அதைத் தடுக்கவில்லை. முன்னால் போகிறவர் தண்ணீரைக் கிழித்து வழி போடுவார், பின்னால் வருகிறவர் அந்த வழியில் சொகுசாக வருவார். சைக்கிளில் மட்டும் அது குற்றம். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் எதிர்க்காற்று உறைக்காது, பாதி உழைப்பு மிச்சம். அதனால் நாலைந்து சைக்கிள் நீளம் தள்ளித்தான் வர வேண்டும். யாராவது முந்திவிட்டால், முந்தப்பட்டவர்தான் பின்வாங்கி அந்த இடைவெளியை விட வேண்டும். மோட்டார் சைக்கிளில் நடுவர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பிடிபட்டால் நீல அட்டை. வழியில் இருக்கிற தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். இத்தனை வருடத்தில் டாக்டரம்மாவுக்கு யாரும் அட்டை காட்டியதில்லை. மற்றவர்களுக்குக் காட்டும்போது மட்டும் அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

நாத்தனாருக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் ஒட்டுப்புல். இன்சூரன்ஸ் ஏஜென்ட். புடவை முனையில் ஒட்டிக்கொண்ட புல்விதை போல ஆளை விடமாட்டாள். திட்டினாலும் சிரிப்பாள், கதவைச் சாத்தினாலும் ஜன்னலோரம் வந்து பேசுவாள். விவாகரத்தாகி அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிவந்த புதிதில் ஒரு நாள், "அண்ணி, நீங்க போறீங்களே அதுக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். தண்ணீரைக் கண்டாலே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவள். இரண்டே நாளில் ஓடிவிடுவாள் என்றுதான் டாக்டரம்மா குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் ஓடவில்லை. பின்னாலேயே நீந்திக் கற்றுக்கொண்டாள், டாக்டரம்மாவின் உள்ளங்காலை விரலால் தொட்டுத் தொட்டு. ஒருநாள் பொறுக்காமல் டாக்டரம்மா வேண்டுமென்றே ஓங்கி ஓர் உதை விட்டாள். நீச்சல் கண்ணாடி நெற்றிக்கு ஏறி, மூக்கு சிவந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே எழுந்த நாத்தனார், "சாரி அண்ணி, ரொம்ப கிட்ட வந்துட்டேன்," என்றாள். அதற்கும் ஒரு 'ஹ்ம்'தான்.

இன்றைக்கு விஷயம் பெரியது. நாற்பதைத் தாண்டிய பெண்கள் பிரிவில் முதலாவதாக வருகிற ஒருத்திக்கு மட்டும் உலகப் போட்டியில் இடம். இரண்டு முறை டாக்டரம்மா அதைக் கைக்கெட்டும் தூரத்தில் கோட்டை விட்டிருந்தாள். இந்த முறை கிடைக்காவிட்டால் சைக்கிளை விற்றுவிடுவேன் என்று வீட்டில் சொல்லியாயிற்று. க்ளினிக்கில் வாயைத் திறந்து படுத்திருந்தவர்களிடமெல்லாம், போகப் போகிறேன் என்றே சொல்லியாயிற்று. அவர்களால் குறுக்கே பேச முடியாதல்லவா. அதே பிரிவில் நாத்தனாரும் பெயர் கொடுத்திருந்தாள். கொடுக்கட்டுமே என்று நினைத்தாள் டாக்டரம்மா. தண்ணீரில் ஒண்டிக்கொண்டு வரலாம், ரோட்டில் தெரிந்துவிடும் வண்டவாளம்.

நீச்சல் முடிந்து முதலில் சைக்கிளில் ஏறியவள் டாக்டரம்மாதான். ஏரியை விட்டு ரோடு வெட்டவெளிக்கு வந்ததும் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. குனிந்து, முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டு மிதித்தாள். திரும்பி வருகிற வளைவில் எதிர்ப்பக்கம் பார்த்தாள்: நாத்தனார் யாருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வருகிறாள் என்று பார்க்க அப்படியோர் ஆசை. காண்ட்ராக்டரும் மேனேஜரும் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு வெகுதூரம் முன்னால், சுற்றிலும் ஓர் ஆள் இல்லாமல், காற்றை முழுசாக நெஞ்சில் வாங்கிக்கொண்டு நாத்தனார் வந்துகொண்டிருந்தாள். அது டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. திருட்டுத்தனம் பண்ணியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசி மேட்டில், ரோடு மறுபடியும் காற்றுக்கு எதிரே திரும்புகிற இடத்தில், நாத்தனார் வந்து சேர்ந்தாள். பக்கத்தில் வந்து, சட்டப்படி வலப்புறமாக விலகி, "அண்ணி, முந்துறேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு முந்தினாள். இப்போது டாக்டரம்மா பின்வாங்க வேண்டும். மிதிப்பதைச் சற்று நிறுத்தினாலே போதும். ஆனால் யாருக்கு? இந்த ஒட்டுப்புல்லுக்கா? நீச்சலடிக்கத் தெரியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு நான் வழிவிட்டுப் பின்னால் போவதா? பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். முன்சக்கரம் நாத்தனாரின் பின்சக்கரத்தை உரசுகிற தூரத்தில் போயிற்று. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். காற்று நின்றிருந்தது. முகத்தில் அறைந்துகொண்டிருந்த காற்று எங்கேயோ போய், காலுக்குத் திடீரென்று பாரம் குறைந்து, எல்லாம் எளிதாக இருந்தது. அட, இவ்வளவு சுகமா இது! அந்தச் சுகத்தை உதற மனம் வருவதற்குள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. விசில். நீல அட்டை.

தண்டனைக் கூடாரத்தில் அவள் நின்ற சற்று நேரத்தில் மேனேஜரும் வந்து சேர்ந்தார். மழித்த கால் வெயிலில் பளபளத்தது. "நீங்களுமா டாக்டர்?" என்றார், ஏதோ ஒரே கல்யாணத்துக்கு வந்துவிட்ட சொந்தக்காரரைப் போல மலர்ந்து. "ஓவரா ஸ்ட்ரிக்ட் பண்றாங்க, இல்ல?" டாக்டரம்மாவுக்குச் செத்துப் போகலாம் போலிருந்தது.

ஓட்டத்தில் வெறி பிடித்தவள்போல ஓடினாள். யார் யாரையோ தாண்டினாள், காண்ட்ராக்டரின் தொந்தியை, காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்த யாரோ ஓர் இளைஞனை. ஏரிக் கரையின் மேல் ரோடு ஏறுகிற இடத்தில் நாத்தனாரின் முதுகு தெரிந்தது. முதுகு நெருங்கியது. தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீரெல்லாம் ஷூவுக்குள் இறங்கி அவள் காலடி சளக் சளக்கென்று கேட்டது. இன்னும் பத்தடி. டாக்டரம்மாவின் கால் அதற்கு மேல் கேட்கவில்லை. எவ்வளவு அடித்து ஓட்டினாலும் அந்தப் பத்தடி அப்படியே நின்றது. நாத்தனார் வேகத்தைச் சற்றுக் குறைத்துத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்து, உதடு வெடித்து, ஆள் பாதி பிணம். சிரித்தாள்.

"வாங்க அண்ணி. என் பின்னாடியே வாங்க. முன்னாடி காத்து பயங்கரமா இருக்கு."

ஓட்டத்தில் அப்படி ஓடினால் தப்பில்லைதான். டாக்டரம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அவள் தாண்டவில்லை. அந்த முதுகுக்குப் பின்னாலேயே, காற்று உறைக்காமல், கடைசி வரை ஓடி வந்தாள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நாத்தனார் மடங்கி விழுந்தாள். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் பம்பைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ பாப்பா!" என்று ஓடினார். பத்து வருடத்தில் அந்த மனிதர் ஓடி அவள் பார்த்தது அன்றைக்குத்தான். நாத்தனாரைத் தூக்குப் படுக்கையில் போட்டு மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். போகிறபோதே அவள் யாரையோ தேடிக் கையை நீட்டினாள்.

"அண்ணி, இந்த ஷூவைக் கொஞ்சம் பிடிங்க. ஹால்ல என் நம்பரைக் கூப்பிட்டா, கூடாரத்துல இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சொன்னா போதுமாம், காத்திருப்பாங்களாம்."

"ஹ்ம்," என்றாள் டாக்டரம்மா.

சாயங்காலம் ஹாலில் விசிறிகள் சுற்றின. வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், வியர்வை வாடை, கழுத்தில் மெடல் தொங்க உட்கார்ந்திருந்த கனவான்கள். மைக் பிடித்த ஆள் விதியை விளக்கினான். முதலாவதாக வந்தவர் நேரில் வந்து இடத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று முறை கூப்பிடுவோம். ஆளும் இல்லை, தகவலும் இல்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அடுத்தவர் யார் என்று டாக்டரம்மாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது வரிசையில், மடியில் நாத்தனாரின் ஷூக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாற்பதைத் தாண்டிய பெண்கள். நாத்தனாரின் எண்ணைக் கூப்பிட்டான். யாரும் எழவில்லை. இவளுக்கு அங்கே போய் என்ன பண்ணத் தெரியும் என்று நினைத்தாள் டாக்டரம்மா. விசா வாங்கத் தெரியுமா, சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் கட்டத் தெரியுமா? அங்கேயும் யாருக்காவது பாலிசி விற்றுக்கொண்டு நிற்பாள். தவிர, நான் எதையும் திருடவில்லையே. சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன். இப்படியே நினைத்துக்கொண்டு போனவள், சட்டென்று நாக்கால் தன் பற்களைத் தடவிப் பார்த்தாள். ரெண்டு வேளையும் தேய்க்கிறேன் டாக்டர். இதே குரல். எத்தனை வாய்களில் கேட்டிருக்கிறாள் இந்தக் குரலை!

"ரெண்டாவது முறை," என்றது மைக். முன்வரிசை மேனேஜர் திரும்பி அவளைப் பார்த்தார். கட்டை விரலை உயர்த்தி, கண்ணைச் சிமிட்டினார். அடுத்து நீங்கதான். கூட்டாளி, கூட்டாளியைப் பார்க்கிற பார்வை.

அவள் வலது கை ஷூவின் மேல் இருந்தது. தூக்கினால் போதும். கை தூக்க ஓர் ஆளுக்கு என்ன பலம் வேண்டும்? விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மைக் பிடித்தவன் தண்ணீர் குடித்துவிட்டு, காகிதத்தைப் பார்த்து, மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனான்.

மடியிலிருந்த ஷூ இன்னும் காயவில்லை. அதிலிருந்து ஒரு சொட்டு முழங்கால் வழியாக இறங்கி, செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் கால் விரலில் விழுந்தது. பிறகு இன்னொன்று. லேசாக, கதவைத் தட்டுகிற மாதிரி.

டாக்டரம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை.