முட்டைக்காரி கேட்ட மார்கரிட்டா

எவோதியோ பர்ராகானுக்கு மனிதர்களை இரண்டே வகையாகத்தான் பிரிக்கத் தெரியும். டெக்கீலா என்ற கற்றாழைச் சாராயத்தின் ருசி தெரியாதவர்கள் ஒரு வகை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. தன்னை எதில் சேர்ப்பது என்று அவர் யோசித்ததே இல்லை. குவாதலஹாராவில், சாந்தா தெரே சந்தைக்குப் பின்னால் இருக்கும் 'எல் பர்பெச்சோ' மதுக்கடையின் கவுண்டருக்குப் பின்னால், தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம் இப்படி இனம் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரே மடக்கில் கவிழ்ப்பவர்களைப் பார்த்தால், "என்ன, இருமல் மருந்தா?" என்று கேட்பார். ஐஸ் போடச் சொன்ன ஒருவருக்கு ஐஸை மட்டும் தம்ளரில் போட்டு நீட்டியிருக்கிறார். பீப்பாயில் முதிர்ந்த சரக்கைக் கரியில் வடிகட்டி, நிறத்தை உரித்து, தண்ணீர் மாதிரி தெளிவாக்கி விற்கிறார்களே, அந்தக் கிறிஸ்தலீனோவை யாராவது கேட்டுவிட்டால் போதும். "மாப்பிள்ளைக் கோலத்துக்கு முடியில மை அடிச்ச கெழவன் மாதிரி இருக்கும். பரவாயில்லையா?" என்பார். கேட்டவர் பீர் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்.

இவ்வளவு வெறுப்புக்கும் அடிமட்டத்தில் ஒரு புட்டி இருந்தது. கழுவுதொட்டிக்குக் கீழே, பினாயிலுக்குப் பக்கத்தில் அதற்கு இடம். 'ஹோவென்' என்ற வகை அது. இளசு என்று பொருள். மரப்பீப்பாயைக் கண்ணால்கூடப் பார்க்காத வெள்ளைச் சரக்கில் கருக்கிய சர்க்கரைப் பாகைக் கலந்து, வயசானதுபோல் பொன்னிறம் காட்டுவார்கள். உள்ளூர்க் கால்பந்து அணிகள் இரண்டும் மோதும் நாளில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வரும் கூட்டத்துக்கு அதைத்தான் ஊற்றுவார். மற்ற நாட்களில் அதன் பெயரைச் சொல்வதுகூட அவருக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டிய விஷயம்.

முதலாளி திபூர்சியோ போய்ச் சேர்ந்த பிறகு கடை அவர் மகள் அம்பாரோவின் கைக்கு வந்தது. அவள் இரண்டு காரியம் செய்தாள். கடையில் பாதியைத் தெபாத்தித்லான் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் லியோகாதியா என்ற பெண்மணிக்கு விற்றாள். தலைநகரத்திலிருந்து இக்கேர் என்ற ஒருவனைக் கொண்டுவந்து எவோதியோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இருபத்தொன்பது வயது. முழங்கை வரைக்கும் பச்சை குத்தியிருந்தான். மூக்கில் சொட்டு மருந்து விடும் குப்பி மாதிரி, கசப்பு வாசனைச் சாறுகள் அடைத்த பத்துப் பதினைந்து குப்பிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து முகர்ந்து பார்ப்பான். எவோதியோ முதல் நாளே அவனுக்கு வைத்தியர் என்று பெயர் வைத்துவிட்டார். தலைநகரத்தான் என்பதே போதுமான குற்றம். குப்பிகள் அதற்கு மேல்.

வெள்ளிக்கிழமை அம்பாரோ இருவரையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் லியோகாதியா அம்மா வர்றாங்க. கவுண்டருக்குப் பின்னால ஒருத்தர் போதும்ங்கிறாங்க. இன்னொருத்தர் மேசைகளப் பாத்துக்கணும். ரெண்டு பேரும் கலந்து குடுங்க. குடிச்சுப் பாத்துட்டு யாருன்னு சொல்லுவாங்க."

"யாரு, அந்த முட்டைக்காரியா?" என்றார் எவோதியோ.

"மரியாதையாப் பேசுங்க, தோன். பாதிக் கடை அவங்களோடது."

"பாதிக் கடை வாங்கினா பாதி நாக்கும் கூடவே வந்துருமா?"

வாய் இப்படிப் பேசியதே தவிர, கண் மேசைகளைத்தான் எண்ணியது. மேசை பார்ப்பது என்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு, கையைத் தட்டியவன் பின்னால் ஓடுவது. கவுண்டருக்குப் பின்னால் நின்றால் அவர் தோன் எவோதியோ, அதாவது எவோதியோ ஐயா. ஊரில் பாதிப் பேர் மரியாதைக்கும் மீதிப் பேர் பயத்துக்கும் அப்படிக் கூப்பிடுவார்கள். அந்தக் கவுண்டர்ப் பலகைக்கு வெளியே அவருக்கு வீடு என்று ஒரு அறை, அதில் ஒரு கட்டில், அவ்வளவுதான். கவுண்டர் கையை விட்டுப் போய்விட்டால் என்ன ஆவோம் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தை ஒத்துக்கொள்ளத் தெரியாததால் இன்னும் கொஞ்சம் எரிந்து விழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை லியோகாதியா வந்தார். கம்பளிச் சட்டை, தட்டைச் செருப்பு, கையில் அட்டைத் தட்டு நிறைய முட்டை. "சும்மா வரக் கூடாதுன்னு எடுத்தாந்தேன்" என்று அதை அம்பாரோவிடம் கொடுத்தார். எவோதியோ மூக்கைச் சுளித்துக்கொண்டார். மதுக்கடைக்கு முட்டை கொண்டு வருகிறவளிடம் போய் நாக்கை எதிர்பார்ப்பதா? போதாததற்கு, முழங்கால் வலி என்று கவுண்டரின் உயர நாற்காலியில் உட்கார மறுத்து, ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டார். அப்படியானால் கலந்ததைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போக வேண்டும். பக்கத்து மேசையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் சோன் இதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தோன், இன்னைக்கு நடைப்பயிற்சியா?"

"உன் பேருந்து போன தூரத்தவிட இது கம்மிதான். ஆனா சேர வேண்டிய எடத்துக்குச் சேந்துருவேன்" என்றார் எவோதியோ.

முதலில் இக்கேர். நெக்ரோனி என்ற கசப்புக் கலவையில் ஜின்னை எடுத்துவிட்டு, பள்ளத்தாக்குப் பக்கத்து வெள்ளை டெக்கீலாவை ஊற்றியிருந்தான். மேட்டு நிலத்துச் சரக்கு இனிக்கும்; பள்ளத்தாக்குச் சரக்கில் மண்ணும் பச்சிலையும் மணக்கும், கசப்பு மதுவுக்கு அதுதான் ஈடு கொடுக்கும். தேர்வு சரியாக இருந்ததுதான் எவோதியோவுக்குப் பொறுக்கவில்லை. நல்ல வேளையாக, பையன் அதோடு நிற்காமல் கண்ணாடிக் கூண்டுக்குள் ரோஸ்மேரிப் புகையை அடைத்து எடுத்துப் போனான். கூண்டைத் தூக்கியதும் லியோகாதியா இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, "உள்ள இருக்கறது நல்லாருக்கு. புகை எங்க ஊர்லயே இருக்கு" என்றார்.

அடுத்து எவோதியோ. விஸ்கி போடும் ஓல்ட் ஃபேஷன்டில் விஸ்கிக்குப் பதில் இரண்டு வருடம் பீப்பாயில் கிடந்த முதிர்ந்த டெக்கீலா. கொஞ்சம் வெல்லப் பாகு, கசப்புச் சொட்டு, ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல். அதற்கு மேல் தொட்டால் அந்தச் சரக்குக்கே அவமானம் என்பது அவர் கட்சி. கொண்டுபோய் வைத்தார்.

"அருமையா இருக்கு" என்றார் லியோகாதியா. "எனக்குத்தான் கனமா இருக்கு. காலைல வெறும் காப்பிதான் குடிச்சேன்." தம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "மார்கரிட்டா ஒண்ணு, ஹோவென்."

எவோதியோ திரும்பி நடந்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரு குரூரமான சந்தோஷம். நினைத்தது சரியாகப் போய்விட்டதே. முதிர்ந்த சரக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஹோவென் ஊற்றிய மார்கரிட்டா கேட்கிறாள்! கோழிக்குத் தவிடு போடுகிறவளுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? கவுண்டருக்குப் பின்னால் குனிந்து, பினாயில் பக்கத்திலிருந்து அந்தப் புட்டியை எடுத்தார்.

இக்கேர் பார்த்துவிட்டான். கிட்டே வந்து மெல்லச் சொன்னான்.

"தோன், அவங்க சரக்கச் சொல்லல. உங்களக் கூப்பிட்டாங்க."

"என்னது?"

"மேசைக்குப் பரிமாற வர்றவங்கள, தம்பிங்கிற மாதிரி, ஹோவென்னுதானே கூப்பிடுவாங்க. நாமளே ஹோட்டலுக்குப் போனா எழுவது வயசு ஆள அப்படித்தானே கூப்பிடறோம்."

"என்னய யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல" என்றார் எவோதியோ. "தலைநகரத்துலேருந்து வந்து எனக்குக் காது கேக்கக் கத்துக் குடுக்காதீங்க, வைத்தியரே. போய் உங்க குப்பிய மோந்து பாருங்க."

பையன் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தான். ஒரு முறை சொல்லியாகிவிட்டது. இரண்டாவது முறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள அவனுக்கு என்ன தலையெழுத்தா?

வஞ்சமாகத்தான் ஊற்றினார் எவோதியோ. ஆனால் கைக்கு வஞ்சம் தெரியவில்லை. பாகு கலந்த சரக்கு ஏற்கெனவே இனிக்கும் என்று ஆரஞ்சு மதுவைப் பாதியாகக் குறைத்தது அந்தக் கை. எலுமிச்சையை அப்போதே பிழிந்தது, விளிம்பில் தடவும் உப்பில் ஒரு சிட்டிகையை உள்ளேயும் போட்டது, ஐஸ் கரைந்து தண்ணீராகும் முன் வடித்தது. அவர் மனசு முழுக்க, அந்தப் பெண் அதைக் குடித்துவிட்டு என்ன உளறப் போகிறாள் என்பதிலேயே இருந்தது.

லியோகாதியா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தெருவைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தம்ளரைப் பார்த்தார்.

"அம்பாரோ, இதக் கொஞ்சம் குடிச்சுப் பாரு. இன்னைக்குக் குடிச்சதுல இதுதான் ஒசத்தி. யாருன்னு முடிவு பண்ண எனக்கு இது போதும்."

அம்பாரோ குடித்துப் பார்த்துவிட்டு எவோதியோவைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கவுண்டர் அவருடையது. வாயை மூடிக்கொண்டு, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் சாகும்வரை அங்கேயே நின்றிருக்கலாம்.

"என்ன டெக்கீலா போட்டீங்க?" என்று லியோகாதியா கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மட்டமான சரக்கைக் குடித்துவிட்டு ஒருத்தி பிரமாதம் என்கிறாள். அதை அவளிடம் சொல்லாமல் விடுவதா? முப்பது வருடப் பழக்கம் அவரை விடவில்லை.

"நீங்க கேட்டதுதான் அம்மா. ஹோவென். பந்தாட்டத்தன்னைக்கு வர்ற குடிகாரங்களுக்கு ஊத்தறது. தொட்டிக்கு அடியில பினாயிலோட வெச்சிருப்போம். உங்களுக்குப் பிடிச்சதுல ரொம்ப சந்தோஷம்."

அம்பாரோவின் முகத்தில் ஈயாடவில்லை. லியோகாதியா தம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார்.

"நான் அதக் கேக்கலியே. உங்களத்தானே கூப்பிட்டேன்."

டோமினோ மேசையில் முதலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு சோன் மேசையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"பலகைக்குப் பின்னால நின்னு நின்னு, வெளிய வந்தா யாரக் கூப்பிடறாங்கன்னே தெரியல நம்ம தோனுக்கு!"

கடை முழுக்கச் சிரித்தது. இக்கேர் மட்டும் சிரிக்கவில்லை, குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதுதான் எவோதியோவுக்கு அதிகமாக வலித்தது. அவமானத்தில் அந்த இடத்திலேயே மண்ணாகிவிடலாம் போலிருந்தது.

லியோகாதியா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"காது தப்பாக் கேக்கறது எல்லாருக்கும் நடக்கறதுதான். அத விடுங்க. மட்டமான சரக்குன்னு தெரிஞ்சுதானே ஊத்தினீங்க?"

"நீங்க கேட்டதா நெனச்சேன்."

"சரி, கேட்டேன்னே வெச்சுக்குங்க. எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வேணாம்மா, அது நல்லாருக்காது, இதக் குடிச்சுப் பாருங்கன்னு ஒரு வார்த்த சொல்லலாமில்ல?"

எவோதியோ தோளில் கிடந்த துணியால் ஈரமில்லாத மேசையைத் துடைத்துவிட்டு, அதை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"கீறல் விட்ட முட்டையப் பாக்காம எடுத்துட்டுப் போறவங்க உண்டு" என்றார் லியோகாதியா. "பாக்கத் தெரியாத கழுதைன்னு விட்டுட்டேன்னா, நாளைக்கு யாரு வருவா?" அவர் எழுந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "கை நல்ல கைதான். வாயத் திறக்கறவரைக்கும் உங்களத்தான் சொல்லியிருப்பேன். அம்பாரோ, அந்தத் தம்பி நிக்கட்டும். புகை மட்டும் வேணாம்னு சொல்லிரு."

அம்பாரோ அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தாள். எவோதியோவின் பக்கத்தில் வந்து நின்றாள். சிறு பிள்ளையாக இருந்தபோது அதே கவுண்டரில் உட்கார வைத்து அவர் எலுமிச்சைச் சாறு கொடுத்த பெண். அவர் தோளில் கிடந்த துணியை அவளே எடுத்தாள்.

"மேசைதான் தோன். இல்லேன்னா வீடு. நாளைக்கு யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது.

சோன் டோமினோவைக் கலைத்து அடுக்க ஆரம்பித்தார். யாரும் இப்போது எவோதியோவைப் பார்க்கவில்லை. மேசையில் அந்த மார்கரிட்டா பாதி மிச்சம் இருந்தது. எடுத்துக் குடித்தார். கருகின பாகின் வழவழப்பு நாக்கில் ஒட்டும் என்று எதிர்பார்த்தார். ஒட்டவில்லை. எலுமிச்சை முதலில் வந்தது, உப்பு அதைத் தாங்கியது, அந்த மட்டமான இனிப்பு ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. குறை தேடி இன்னொரு வாய் குடித்தார். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்திருந்தால் அவரே பலகையைத் தட்டிப் பாராட்டியிருப்பார். இத்தனை காலமும் புட்டிகளைப் பற்றியே பெருமை பேசியிருக்கிறார். இந்தக் கையைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. முட்டைக்காரிக்கு ஒரே வாயில் அது தெரிந்துவிட்டது.

கடைசிச் சொட்டுவரை குடித்தார். தம்ளரைக் கழுவ வேண்டும் என்று பழக்கத்தில் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். தொட்டிக்கு முன்னால் இக்கேர் நின்றிருந்தான். தம்ளரை வாங்கிக்கொள்ள அவன் பலகைக்கு மேலாகக் கையை நீட்டினான்.