ரோயிமாதாவின் வலது கால்

கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும் அந்தச் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவது ரோயிமாதாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வலது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்துவிட்டால், பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் உயிர் போய்த் திரும்பும். பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளை இறக்கிவிடுவாள். பிறகு வண்டியை ஓரங்கட்டி, யாரும் பார்க்காத இடத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

யாராவது கேட்டால் கணுக்கால் பிசகிவிட்டது என்பாள். கவுட் என்ற மூட்டு வியாதி என்று மட்டும் சொல்லமாட்டாள். சொன்னால் ஊரே சிரிக்கும். பீரையும் சிங்கி இறாலையும் வளைத்துக் கட்டியவர்கள் தேடிக்கொள்கிற வியாதி என்றுதான் அங்கே பேச்சு. ரோயிமாதா குடிப்பதே இல்லை. இறாலை விட்டு நான்கு வருடம் ஆகிறது, மட்டியும் தொடுவதில்லை. அத்தை செத்த வீட்டுப் பந்தியில்கூட உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் தின்றுவிட்டு எழுந்தவள். வலி இதையெல்லாம் மதிக்கவில்லை.

அவள் அண்ணன் ஹாக்கோபாவுக்கும் அதே வியாதி. மீன்பிடிப் படகில் போகிறவன். வலி வந்தால் கிடைத்த மாத்திரையை விழுங்கிவிட்டு நொண்டிக்கொண்டே போவான். தன் காலைப் பற்றி யாரும் வாய் திறப்பதற்குள் தங்கையின் காலைப் பற்றித் தானே ஆரம்பித்துவிடுவது அவன் வழக்கம்.

"வாங்க மகாராணி," என்பான், ரக்பி கிளப்பில் எல்லாரும் கேட்கும்படி. "திருட்டுத்தனமா எத்தன இறால் உள்ள போச்சு?"

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு இடியும் விழுந்தது. பெண்கள் துடுப்புப் படகுக்குத் தலைவி குயினி. ஆறு பேர் ஏறும் அந்தப் படகில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து திசை திருப்புகிறவள் ரோயிமாதா.

"ரோயி, வர்ற ஈஸ்டர் பந்தயத்துக்கு வேற ஆளப் பாக்கலாமான்னு யோசிக்கிறோம். நீ பாதி நாள் பயிற்சிக்கு வர்றதில்ல."

"என் எடத்துல உக்கார யாருக்கு ஆசையோ, அவள நேரா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு."

"கோவப்படாத. உன் கால்தான்…"

"கால வச்சா துடுப்புப் போடறேன்?"

"படகுல ஏறவாவது கால் வேணும்ல?"

ரோயிமாதா விருட்டென்று கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

அடுத்த வாரம் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து லோசாலினி என்ற டாக்டர் வந்தாள். தோங்கா தீவுக்காரப் பெண். மராயே என்ற பொதுக்கூடத்தில் ஊர் கூடியது. வாசலில் செருப்புகளைக் கழற்றிவிட்டு எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ரோயிமாதா கனத்த சாக்ஸோடு ஒரு மூலையில் இருந்தாள்.

"எங்கப்பாவுக்கும் கவுட்தான்," என்று ஆரம்பித்தாள் டாக்டர். "நம்ம தீவுக்காரங்க நெறைய பேருக்கு இது பரம்பரையா வருது. சிறுநீரகம் யூரிக் அமிலத்த சரியா வெளியேத்தாது. அது மூட்டுல போயி உப்பு மாதிரி படியுது. சாப்பாடு வலியத் தூண்டி விடலாம், இல்லங்கல. ஆனா வேரு அங்க இல்ல. ஏன் இப்படின்னு இன்னும் தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் உங்க ரத்தம் கேட்டு வந்திருக்கேன்."

பின்வரிசையிலிருந்து ஹாக்கோபாவின் குரல் வந்தது. "டாக்டரம்மா, என் தங்கச்சிக்குச் சிறுநீரகம் வாயிலதான் இருக்கு."

கூடம் குலுங்கச் சிரித்தது. ரோயிமாதா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடுக்கூடத்துக்கு நொண்டி வந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சாக்ஸை உருவினாள். விரல் பீட்ரூட் நிறத்தில் பளபளத்தது.

"நல்லாப் பாருங்க. பிசகும் இல்ல, சுளுக்கும் இல்ல. இது பேரு கவுட். நாலு வருசமா கோசும் கீரையும் தின்னுட்டு, என் வாய்தான் சரியில்லன்னு என்னையே திட்டிட்டிருந்தேன். போதும். இனிமே சிரிக்கிறவங்க, முதல்ல அவங்கவங்க சாக்ஸக் கழட்டிட்டுச் சிரிங்க."

கிளப்பில் சமைக்கும் பருத்த பீத்தா முனகிக்கொண்டே குனிந்து தன் சாக்ஸை இழுத்தார். பிறகு இன்னும் மூன்று பேர். ஹாக்கோபா சிகரெட் பிடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான்.

ரோயிமாதா டாக்டர் பக்கம் திரும்பினாள். "ரத்தம் தரேன். ஆனா முன்னாடி வந்தவங்க எடுத்துட்டுப் போனதோட சரி, திரும்பி எட்டிப் பாக்கல. நீங்க எதக் கண்டுபிடிச்சாலும் முதல்ல இதே கூடத்துல உக்காந்து எங்களுக்குச் சொல்லணும்."

"வந்து சொல்றேன்."

"வரலன்னா பஸ்ஸ எடுத்துட்டு உங்க யுனிவர்சிட்டிக்கே வந்துருவேன்."

யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரையைக் கிளினிக்கில் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் வலி கூடலாம், அதற்கும் மருந்து உண்டு, இதை நிறுத்திவிடாதே என்றார்கள். சொன்னபடியே ஒரே மாதத்தில் கால் மறுபடி வீங்கியது. ஹாக்கோபா பார்க்க வந்தான்.

"பாத்தியா? மருந்துதான் உன்னக் கெடுக்குது."

"வீட்டக் கூட்டினா தூசி கெளம்பத்தான் செய்யும் அண்ணே. தும்மல் வருதுன்னு வெளக்குமாத்தத் தூக்கிப் போடுவாங்களா?"

அவள் விடவில்லை. ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வலி வந்த நாட்களில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கைகளுக்கு மட்டும் பயிற்சி செய்தாள். டிசம்பரில் தொடங்கும் அந்த ஊர்க் கோடைக்குள் வீக்கம் வருவது நின்றது. கிறிஸ்துமஸ் விருந்தில் அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்து, அவன் கண்ணைப் பார்த்தபடி ஒரு சிங்கி இறாலை நிதானமாக உடைத்துத் தின்றாள். மறுநாள் வண்டியைக் கழுவப் பேருந்து ஷெட்டுக்கு நடந்தே போனாள்.

பிப்ரவரியில் ஹாக்கோபாவின் முழங்கால் வீங்கியது. படகு அவனை விட்டுவிட்டுக் கடலுக்குப் போயிற்று. தங்கைக்குப் போன் செய்தான்.

"வண்டி எடுத்துட்டு வாயேன்."

"எங்க போறதுக்கு?"

"எங்கயாவது."

"எங்கன்னு வாயத் தொறந்து சொல்லு. சொன்னாத்தான் வருவேன்."

"கிளினிக்குக்கு," என்றான். அவள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மார்ச்சில் டாக்டர் லோசாலினி வந்து, அதே கூடத்தில் உட்கார்ந்து, கண்டது கொஞ்சம், காணாதது நிறைய என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஈஸ்டர் பந்தயத்தில் படகின் கடைசி இருக்கை ரோயிமாதாவுக்குத்தான். நான்காவதாக வந்தார்கள். கரையேறியதும் குயினி பிடித்துக்கொண்டாள்.

"மிதவையச் சுத்தறப்ப அவ்வளவு அகலமாவா திருப்புவே? மூணாவது எடம் போச்சு."

"நீங்க முன்னால தூங்கிட்டே துடுப்புப் போட்டா நான் வேற எப்படித் திருப்பறது?"

படகைத் தூக்கி டிரெய்லரில் ஏற்றும்போதும் சண்டை ஓயவில்லை. ஐந்து பேரும் அவள் திருப்பிய லட்சணத்தைத்தான் திட்டினார்கள். காலைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோயிமாதா ஈர மணலில் வெறுங்காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, ஐந்து பேருக்கும் சளைக்காமல் பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.