சின்சியரான பொண்ணு

ஒரகடத்தில் கார் ஒயர்களுக்கு டேப் சுற்றும் கம்பெனியில், எங்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லால் அளப்பார்கள். மதிப்பீட்டுப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் சூப்பர்வைசர் ரகுபதி அதை எழுதுவார்.

அவரிடம் இருந்தது இரண்டே சொற்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு 'ஸ்மார்ட்'. ஷிஃப்டுக்கு மூன்று முறை கேன்டீன் போகும் பிரவீனா அப்படித்தான் பர்மனென்ட் ஆனாள். லீவே எடுக்காத ஜோவிதாவுக்கு இரண்டு வருடமாக 'சின்சியர்'. அந்தச் சொல் கிடைத்த யாரும் பர்மனென்ட் ஆனதில்லை. ட்ரெய்னியாக இது அவளுக்கு மூன்றாவது, கடைசி வருடம். இம்முறையும் ஆகாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான்.

டீ நேரத்தில் அவரிடம் போனாள். துணைக்கு நானும் நின்றேன்.

"சார், இந்த வாட்டி சின்சியர்னு எழுதாதீங்க."

"ஏம்மா, நல்ல வார்த்தைதானே?"

"நல்ல வார்த்தைதான் சார். அத வெச்சிகினு நின்ன எடத்துலயே நின்னுகினு கீறேன்."

அவர் கோபப்படவில்லை. பாசமாகவே சொன்னார். "உன்ன பர்மனென்ட் பண்ணா வேற செக்‌ஷனுக்குத் தூக்கிடுவாங்க. அந்த எடத்துக்கு எனக்குப் புது ஆள் தரமாட்டாங்க. அப்புறம் இந்த லைன யாரு பாக்கறது? ட்ரெய்னிங் முடிஞ்சி நீ வெளிய போனாதான் வேற ட்ரெய்னி வரும், உன்ன மாதிரியே பழக்கிக்குவேன்."

மறுநாள் குன்றத்தூரில் கம்பெனி பஸ் நின்றபோது ஜோவிதா ஏறவில்லை. தனக்கு ஜுரம் என்று ரகுபதியிடம் சொல்லியிருந்தாள். போனில் நலம் விசாரித்தேன்.

"மீன் கொழம்பு கொதிக்குது, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று லைன் நாற்பது நிமிடம் நின்றது. கார் கம்பெனியிலிருந்து போன் வந்ததும் மாடியிலிருந்து மேனேஜர் இறங்கி வந்து, யார் வரவில்லை என்று கேட்டார். இரண்டு வருடமாக அவர் மேஜையைத் தாண்டிப் போன பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். இந்தப் பெண்ணை விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னார்.

ரகுபதி 'சின்சியர்' என்று எழுதி வைத்திருந்த படிவத்தைக் கிழித்துவிட்டு, புதியதில் 'ஸ்மார்ட்' என்று எழுதினார். ஜோவிதா பர்மனென்ட் ஆகி வேறு செக்‌ஷனுக்குப் போனாள்.

நான் அவளுடைய இடத்துக்கு மாற்றப்பட்டேன். முதல் நாளே ரகுபதி பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்சவல்லி, பஸ்ஸுல எப்பவும் கதபொஸ்தவம் படிச்சிகினே வருவியாமே? வம்பு தும்பு கிடையாதாமே?"

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். அவர் கையில் என் படிவம் இருந்தது. அவர் எழுதி முடிப்பதற்குள், எனக்கு ஜுரம் அடிப்பது போலிருக்கிறது என்று சொன்னேன்.