சொல்ல வராத பிஸ்மி

ஹனீஃபாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரிய கடை வீதியில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்தவர், வருகிறவர்களிடம் பெட்டியைப் பற்றிப் பேசியதைவிடத் தன் துப்பாக்கியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். 1958 மார்கழியில் அந்த வாய்தான் அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

அவருடைய மகள் மஜீதாவைப் பெண் கேட்டு, காந்தி மார்க்கெட் அரிசி மண்டிக்காரர் குத்புதீன் வந்திருந்தார். மாப்பிள்ளை அவருடைய மூத்த மகன் ஜமால். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஹனீஃபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு விருந்துக்கு வந்துடுங்க. காட்டு வாத்து பிரியாணி! நானே சுட்டுக் கொண்டாந்து போடுறேன்!"

திரைக்குப் பின்னால் அவர் மனைவி சுராயா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கூடம்வரை கேட்டது. குத்புதீன் தாடியைத் தடவினார்.

"அதிகம் பேசுறவங்க வீட்டுல சம்பந்தம் வைக்க எனக்குப் பயமுங்க. சொன்னதைச் செய்யறீங்களான்னு பார்த்துட்டு மிச்சத்தைப் பேசுவோம். என் பசங்க ரெண்டு பேரும் வேட்டையே பார்த்ததில்லை. கூட்டிக்கிட்டுப் போங்க."

இப்படியாக, மகளின் கல்யாணம் வாத்தின் கழுத்தில் போய்த் தொங்கியது.

புதன்கிழமை சாயங்காலம் சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினார்கள். ஜமாலுக்கு இருபத்திரண்டு வயது. அவன் தம்பி கியாசுதீனுக்குப் பதினேழு. சாக்கில் சுற்றிய துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஹனீஃபா வழி நெடுகப் பாடம் நடத்தினார். வெள்ளைச் சட்டை கூடாது, இருமல் கூடாது, ஏரிக்கரையில் எழுந்து நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று.

"விசையை இழுக்கிறதுக்கு முந்தி அல்லா பேரால பிஸ்மி சொல்லணும். கத்தி போடுறதுக்குள்ள பறவைக்கு உயிர் போயிட்டாலும் அப்பத்தான் ஹலால். வேணும்னு சொல்லாம விட்டா அது நமக்கு ஆகாது. இருபது வருஷத்துல ஒரு தடவைகூட நான் விட்டதில்லை."

இது மட்டும் பீற்றல் இல்லை. உண்மையாகவே அவர் விட்டதில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் கரைவெட்டி ஏரிக்கரையில் மூன்று பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். வழிகாட்டிய உள்ளூர் விவசாயி செல்லக்கண்ணு, கரையின் சரிவில் உட்கார்ந்திருந்தார். பனி மூடி ஏரி மங்கலாகத்தான் தெரிந்தது.

"வாத்து எங்க மாமா?" என்று ஜமால் கிசுகிசுத்தான்.

"பொறுங்க தம்பி. அந்தத் திட்டைத் தாண்டித்தான் இருக்கும்."

பனி விலகியது. அவர் திட்டு என்று கைகாட்டிய இடம் மெல்ல அசைந்தது. திட்டே இல்லை, அத்தனையும் பறவை. வெளிறிய சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையில் குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டை. வடக்கே மலையெல்லாம் தாண்டி வருகிற பெரிய வாத்து. வழக்கமாகப் பத்து, இருபது என்று வரும். இன்றைக்கு ஏரியின் அந்தக் கரைவரைக்கும் தண்ணீரே தெரியவில்லை.

வெயில் பட்டதும் ஒரு வாத்து கழுத்தை நீட்டிக் குரல் கொடுத்தது. அடுத்த மூச்சில் மொத்த ஏரியும் எழுந்தது. ஹனீஃபாவின் வயிற்றுக்கு அடியில் கரை அதிர்ந்தது. சிறகுகளிலிருந்து சிதறிய தண்ணீர் மழைபோல முகத்தில் விழுந்தது. அப்போதுதான் வந்த வெயில் மறைந்து மறுபடி இருட்டியது. தலைக்கு மேலே சிறகு, சிறகு, சிறகு. கியாசுதீன் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டான். ஏரிக்கரையில் நிற்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்ல ஹனீஃபாவுக்கும் தோன்றவில்லை.

இருபது வருஷமாக இந்த ஏரிக்கு வருகிறார். கறியைத்தான் பார்த்திருக்கிறார், பறவையைப் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவையும் படைத்தவன் எவ்வளவு பெரியவன் என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது. பிஸ்மி நுனி நாக்குவரை வந்து நின்றது. இதைப் பார்த்துக்கொண்டே இதைக் கொல்வதற்கு அவன் பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆனால் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். விரல் இழுத்துவிட்டது.

வெடித்தது. இரண்டு வாத்துகள் விழுந்தன. ஜமால் கத்தியோடு முழங்கால் தண்ணீரில் ஓடினான். கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தான்.

"ரெண்டும் மௌத்தாப் போச்சு மாமா. பரவாயில்லை, நீங்கதான் பிஸ்மி சொல்லியிருப்பீங்களே?"

ஹனீஃபா துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"சத்தத்துல எங்களுக்குக் கேட்கலை. அவசரத்துல மறந்திருந்தாலும் குத்தமில்லைன்னு பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லியிருக்காங்க. மறந்துட்டீங்களா?"

தப்பிக்கக் கதவு அகலமாகத் திறந்திருந்தது. 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும், மஜீதாவின் கல்யாணம் முடிந்த மாதிரி. ஹனீஃபா அண்ணாந்து பார்த்தார். பறவைகள் இன்னும் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

"மறக்கலை தம்பி. ஞாபகம் இருந்துச்சு. சொல்ல மனசு வரலை."

"அப்புறம் ஏன் சுட்டீங்க?" என்றான் கியாசுதீன்.

"நீங்க பார்த்துக்கிட்டிருந்தீங்களே, அதுக்காக."

இரண்டு வாத்தும் செல்லக்கண்ணுவுக்குப் போனது. "எனக்கு என்னங்க பாய், எப்படிச் செத்தாலும் குழம்புதான்" என்று அவர் வாங்கிக்கொண்டார். மத்தியானம்வரை காத்திருந்தார்கள். வெடிச் சத்தம் கேட்ட ஏரிக்கு அன்றைக்கு ஒரு குருவிகூட இறங்கவில்லை. வெறும் சாக்கோடு பஸ் ஏறினார்கள். திரும்புகிற வழியில் ஹனீஃபா வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுராயா ஆட்டுக்கறி பிரியாணி ஆக்கியிருந்தாள். நேற்றிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நான்கு ஆண்களும் உட்கார்ந்தார்கள். குத்புதீன் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வாத்துக்குக் கொம்பு இருந்திருக்கும் போலிருக்கே?"

ஜமால் முந்திக்கொண்டான். "இந்த வருஷம் பறவையே இறங்கலை அத்தா. மாமா மேல தப்பில்லை."

இந்தப் பிள்ளை தனக்காகப் பொய் சொல்கிறான். அதோடு, அவ்வளவு பறவையும் இல்லவே இல்லை என்று ஆகிவிடுகிறது. அதை ஹனீஃபாவால் பொறுக்க முடியவில்லை.

"இல்லீங்க. வந்துச்சு. வானம் தெரியாத அளவுக்கு வந்துச்சு." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பெருமைக்காகச் சுட்டதையும் சொன்னார்.

குத்புதீன் சோற்றைக் கவளமாக உருட்டினார்.

"மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா நானே ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டுப் போயிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் சொல்லலை?"

"அதைப் பார்த்த கண்ணோட பொய் சொல்ல முடியலீங்க. இந்தச் சம்பந்தம் போனாலும் சரின்னு தோணிடுச்சு. என் மக என்னை மன்னிக்கட்டும்." ஹனீஃபாவின் கண்ணீர் சஹனில் சொட்டியது. துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

குத்புதீன் கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு மென்றார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ஜமால், கையைக் கழுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போ. ஹஸ்ரத்தைக் கூட்டிக்கிட்டு வா. இப்பவே பாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடுவோம்."

ஜமால் கையையும் கழுவவில்லை, செருப்பையும் தேடவில்லை. தெருவில் இறங்கி ஓடினான்.