அந்தச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா

...உப்பு போட்டாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்று மாசி அக்கா கேட்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன், ராத்திரி முழுக்கப் பருத்திக் கிடங்கைக் காத்துவிட்டு நேராகச் சபைக் கொட்டகைக்கு வந்தவன், கண் எரிகிறது, ஆனால் தூக்கம் போய்விட்டது. வேதாகமப் பள்ளியைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த வேலை இது, போதகர் தெலி எங்கள் மொழியில் பெயர்த்துவைத்த வேதக் கதையை, அதைக் கேட்டிராதவர்களுக்கு வாசித்து, புரிகிறதா என்று பார்க்கத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். இன்று செத்துப்போன சிறுமியின் கதை. இயேசு அவள் கையைப் பிடிக்கிறார், எழுந்து நடக்கிறாள், சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். மாசி அக்கா பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்து சாப்பாட்டில் நின்றுவிட்டாள்.

"செத்தவங்களுந்தான் நடக்குறாங்க, தீஸே. சாப்பிடவும் செய்றாங்க. உப்புதான் அவங்களுக்கு ஆகாது. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்குறவன், உனக்குத் தெரியாதா?"

"அதைப் பத்தி எழுதலையே அக்கா."

"உங்க போதகரு சாப்பாட்டு விஷயத்தை விடுற ஆளா? அந்த வயித்தைப் பாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெலி வயிறு குலுங்கச் சிரித்தார், பிறகு, "இல்லாததைச் சேர்க்கக் கூடாதுடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். சரி, சேர்க்காவிட்டால்? எங்கள் ஊரில் அந்தப் பெண் பேயாகத்தானே எழுந்து நடப்பாள், உப்பு என்று ஒரே ஒரு சொல் போதும் அவளை மனுஷியாக்க, பென்சில் என் கையில்... அன்றைக்கு அவளுக்கு யார் சமைத்தார்கள்? அவள் அம்மாவின் கை பழக்கத்தில் உப்புச் சட்டிக்குப் போயிருக்குமா, இல்லை, நடுவழியில் பயந்து நின்றிருக்குமா? இதை ஏன் யாருமே கேட்டு வைக்கவில்லை? "எதுக்குக்கா கேக்குற?" என்றேன்.

"கூவேக்கு நான் உப்பு போட்டுத்தான் வைக்கிறேன்" என்றாள்.

கூவே அவள் மகள். போன அறுவடையில் காய்ச்சலில் போனாள். செத்தவர்களுக்கு ஒரு வருடம் அந்தியில் வீட்டின் பின்னால் சோளக்களி வைப்போம், உப்பில்லாமல். வேலைக்குப் போகையில் அவள் வைத்த கிண்ணத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

"காலையில பார்த்தா காலியா இருக்கு, தீஸே. உப்புக் களி. தின்னது யாரு?"

பென்சிலை எடுத்தேன். முனையைப் பார்த்தேன். விடியற்காலையில் திரும்பும்போதெல்லாம் பக்கத்து வீட்டு வெள்ளாடு அந்தக் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருக்கும், ஆட்டுக்கு உப்பென்றால் உயிர், ஒரு கல் எறிந்தால் ஓடிவிடும்... அடுத்தவர் வாசலில் ஆட்டைக் கண்டால் விரட்டாமல் போகிறவனில்லை நான், அந்த ஆட்டை மட்டும் ஏன் ஒருநாளும் விரட்டவில்லை?